பூச்சு வேலைக்குக் கரணையும் கலவைப் பலகையும்: வாங்கப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்

பள்ளத்தூரில் எங்கள் ஐயா வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது முன்பகுதிக்கு அடுத்த பகுதியில், ஒரு சுவர் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதை நானே பூசிக் கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசையில் ஒரு மதியம் காரைக்குடிக்குப் போய், கடைக்காரர் எடுத்து வைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். 4,600 ரூபாய். பதினோரு பொருள். அதில் இன்றுவரை கையில் எடுப்பது மூன்றுதான். மற்றவை அடுப்படிக்குப் பக்கத்து அறையில் சாக்கில் கிடக்கின்றன.

அந்தப் பணமும், அதைவிட ஒரு மாத உழைப்பும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீட்டைத் தொடுகிறவர்களுக்கும், கொத்தனாரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும். பூசுவது எப்படி என்று இதில் இல்லை. அதைச் சுவர்தான் சொல்லித் தரும். எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது, எப்போது வாங்குவது, அவ்வளவுதான்.

1. கடைக்குப் போகுமுன் சாந்து எது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாத் தவறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சிமென்ட் பூச்சுக்கு உதவும் சாமான் சுண்ணாம்புப் பூச்சைக் கெடுக்கும். உங்கள் சுவர் எதில் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் கரணை வாங்க வேண்டும். பழைய சுவரில் பெயர்ந்து விழுந்த ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெள்ளையாக, நகத்தால் சுரண்ட வருகிற மாதிரி இருந்தால் சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறமாக, கெட்டியாக இருந்தால் பிற்பாடு யாரோ சிமென்டில் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டும் கலந்திருந்தது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்டைப் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதைச் சுற்றியுள்ள சுவர் உதிரும். உப்புப் பூத்ததற்குக் காரணமே அந்தப் பழைய ஒட்டுதான் என்று பிறகு தெரிந்தது. ஆகவே நான் சுண்ணாம்புக்கு மாறினேன். மாறியதும் வாங்கின சாமானில் பாதி வீண்.

2. கரணை: ஒன்று போதும், ஆனால் நல்லதாக

சாந்தை அள்ளவும் வீசவும் இழுக்கவும் ஒரே கரணைதான். இலை வடிவத்தில், முனை கூராகவோ கொஞ்சம் மழுங்கியோ இருக்கும். கடையில் 6 அங்குலத்திலிருந்து 10 அங்குலம் வரை தொங்கும். பெரியதை எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 10 அங்குலக் கரணையில் சாந்து அள்ளினால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்சும். புதியவருக்கு 7 அங்குலம் சரி. கை பழகியபின் 8.

கடையிலேயே நான்கு விஷயம் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கழுத்து: தகடும் கைப்பிடிக் கம்பியும் சேரும் இடம். பற்றவைத்த தழும்பு முண்டாகத் தெரிந்தால் வேண்டாம். ஒரே இரும்பில் அடித்து நீட்டியதாக இருந்தால் விலை கூடும், ஆனால் ஒடியாது. என் முதல் கரணை மூன்றாம் நாளே கழுத்தோடு கையில் வந்தது.

வளைவு: முனையைக் கவுண்டர் மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் வளைந்து, விட்டதும் நேராக வேண்டும். வளையவே இல்லையென்றால் சாந்தைச் சுவரில் அழுத்தும்போது கைக்கு எதுவும் தெரியாது. வளைந்தபடியே நின்றால் அது வெறும் தகரம்.

விரல் முட்டி: கைப்பிடியைப் பிடித்து, தகட்டைச் சுவரில் படுக்க வைத்துப் பாருங்கள். முட்டி சுவரில் இடிக்கக் கூடாது. கைப்பிடி தாழ்ந்திருக்கும் கரணையில் சாயங்காலத்துக்குள் முட்டித் தோல் உரிந்துவிடும். சுண்ணாம்பு அந்தப் புண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூண்: மரக் கைப்பிடியின் வாயில் இரும்பு வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும். கைப்பிடியின் அடியால்தான் கல்லைத் தட்டுவோம். பூண் இல்லாவிட்டால் மரம் பிளக்கும்.

விலை: நான் இரண்டாவதாக வாங்கிய நல்ல கரணை 320 ரூபாய். ஒடிந்துபோனது 140. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

3. மணியாசுப் பலகை: இங்கேதான் நேரம் செலவிடுங்கள்

பூசிய சாந்தைத் தேய்த்துச் சமப்படுத்தும் மரக்கட்டை. மணியாசுக் கட்டை என்றும் சொல்வார்கள். 80 ரூபாய்க்கும் கிடைக்கும் என்பதால் யாரும் இதைப் பார்த்து வாங்குவதில்லை. ஆனால் சுவர் அலை அலையாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நீளம் 12 அங்குலம், அகலம் நாலரை, கனம் முக்கால் முதல் ஒரு அங்குலம். மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். முடிச்சு இருக்கவே கூடாது. மற்ற இடம் தேயும்போது முடிச்சு தேயாமல் துருத்தி நின்று கோடு போடும். இரண்டு பலகைகளை முகத்தோடு முகம் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் ஏதோ ஒன்று கோணல். நான்கைந்து பலகை மாற்றி மாற்றிப் பார்த்தால் நேரானது எது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, கைப்பிடியை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தேய்க்கும் முகத்திலிருந்து ஆணி அடித்திருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இன்று ஆணித்தலை உள்ளே அமுங்கியிருக்கும். மரம் தேயத் தேய அது வெளியே வந்து சுவர் முழுக்கப் பூனை நகம் கீறிய மாதிரி கோடு போடும். எனக்கு அது ஆணி என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. மணல் சலிக்காததுதான் காரணம் என்று நினைத்து மணலை மூன்று முறை சலித்தேன்.

இன்னொரு வழி இருக்கிறது. நம் பக்கம் இடித்த வீட்டு மரத்துக்குப் பஞ்சமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அங்கே உள்ளது கலைப்பொருள் விலை, சின்னத் துண்டுக்கும் அப்படித்தான். அதைவிட ஊரில் இடிக்கிற வீட்டில் ஒடிந்த தேக்குச் சட்டத் துண்டைக் கேட்டு வாங்கி, ஆசாரியிடம் கொடுத்தால் இழைத்துக் கைப்பிடி போட்டுத் தருவார். பழைய தேக்கு எப்போதோ காய்ந்து முடிந்தது. இனி கோணாது. எனக்குக் கூலி 150 ஆயிற்று. இன்றும் அதுதான் என் பலகை.

ஒரு எச்சரிக்கை. தேக்கில் சாயம் உண்டு. முதல் நாள் வெள்ளைச் சுண்ணாம்பில் தேய்த்தபோது பழுப்புக் கறை விட்டது. மூன்று நாள் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, நிழலில் உலர்த்திய பின்தான் நின்றது. புதுப் பலகை எதுவானாலும் முதலில் மறைவான சுவரில் தேய்த்துப் பாருங்கள்.

வேலை தொடங்க அரை மணி முன்பு பலகையைத் தண்ணீரில் போடுங்கள். காய்ந்த மரம் சாந்திலுள்ள தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாந்தையும் பிய்த்துக்கொண்டு வரும். இரவெல்லாம் ஊறவிட்டுக் காலையில் வெயிலில் வைத்தால் அப்பளம் போல வளையும்.

பிளாஸ்டிக் பலகையும் விற்கிறார்கள். எடை குறைவு, ஊற வைக்க வேண்டாம். சிமென்டுக்குத் தாராளமாக வாங்கலாம். சுண்ணாம்பின் அடிப் பூச்சுக்கு மரம்தான் சரி. மேல்பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக விடும், அடுத்த பூச்சு பிடித்துக்கொள்ளும்.

4. வழவழப்புத் தகடு: அவசரப்பட்டு வாங்காதீர்கள்

நீள்சதுர இரும்புத் தகட்டின் முதுகில் கைப்பிடி வைத்தது. ‘பினிஷிங் கரணை’ என்று கேட்டால் கொடுப்பார்கள். செட்டிநாட்டு வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் ஓடிப்போய் வாங்குவது இதைத்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கேள்விப்பட்டிருப்போம். அந்தப் பூச்சு பல அடுக்கு, கடைசி அடுக்கு மணிக்கணக்கில் வழவழப்பான கல்லால் தேய்ப்பது. முதல் வருஷம் அந்தப் பக்கமே போகாதீர்கள். தெரிந்த கொத்தனாரிடம் ஒரு தூணாவது கூட நின்று பார்த்த பிறகு போகலாம்.

வாங்கியே தீருவேன் என்றால், சுண்ணாம்புக்குத் துருப்பிடிக்காத எவர்சில்வர் தகடு மட்டும். சாதாரண இரும்புத் தகட்டால் வெள்ளைச் சுண்ணாம்பை அழுத்தித் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடுகள் விழும். பென்சிலால் கிறுக்கியது போல இருக்கும், கழுவினால் போகாது. என் எவர்சில்வர் தகடு 480 ரூபாய்.

புதுத் தகட்டின் நான்கு மூலைகளும் கத்தி மாதிரி இருக்கும். தண்ணீர்த் தாளில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஓரங்களையும் மூலைகளையும் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் சுவரில் வைக்க வேண்டும். பழகிய கொத்தனாரிடம் தேய்ந்த தகடு விலைக்குக் கிடைத்தால் புதியதைவிட அதற்கே நான் காசு கொடுப்பேன். கிடைக்காது, தர மாட்டார்கள்.

5. கலக்கும் பலகை: தரையில் கலக்காதீர்கள்

என் பெரிய தவறு இது. முற்றத்தில் வெயில் என்று உள்ளே, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாலித்தீன் விரித்துச் சாந்து கலக்கினேன். மண்வெட்டி பாலித்தீனைக் கிழித்தது எனக்குத் தெரியவில்லை. அள்ளி முடித்துப் பார்த்தால் தரையில் ஒரு முறம் அளவுக்கு வெளுத்த கறை. ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு அல்ல. சிமென்டும் நிறப்பொடியும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்துச் செய்வது. மேலே சாந்து பட்டு ஊறினால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடும். எங்கள் ஆயா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

மண் தரையிலும் வேண்டாம். அடியில் கிடக்கும் மண்ணும் உப்பும் மண்வெட்டியோடு சேர்ந்து சாந்தில் ஏறும். உப்புப் பூத்த சுவரைச் சரிசெய்ய உப்பையே கலந்து பூசிய மாதிரி ஆகும்.

பலகை இப்படி இருக்கட்டும்: 4 அடிக்கு 3 அடி, மூன்று பக்கம் 3 அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) அடித்தது, நான்காவது பக்கம் மண்வெட்டி நுழையத் திறந்தது. சாதாரண பிளைவுட் வாங்காதீர்கள். நான் அதில்தான் முதலில் கலக்கினேன். பத்து நிமிஷத்தில் சாந்து புட்டு மாவு போல உதிர்ந்தது. தண்ணீர் முழுவதையும் பலகை குடித்துவிட்டது. நான் மறுபடி தண்ணீர் ஊற்றினேன், அது மறுபடி குடித்தது. கான்கிரீட் ஊற்ற அடியில் கட்டும் சென்ட்ரிங்குக்குப் பயன்படுத்தும், மேலே பழுப்பு நிற வழவழப்புத் தாள் ஒட்டிய 12 மில்லிமீட்டர் பிளைவுட் கேளுங்கள். வெட்டிய ஓரங்களில் மட்டும் பெயின்ட் அடித்துவிடுங்கள், தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். சென்ட்ரிங் போடுகிறவர்களிடம் வெட்டி மிஞ்சிய துண்டு சல்லிசாகக் கிடைக்கும். எனக்கு ரீப்பரோடு 650 ரூபாய்.

இரும்புத் தகடும் நல்லதுதான். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தோசைக்கல்லாகும். நிழல் இருந்தால் மட்டும்.

பலகை எவ்வளவு பெரியது என்பதைவிட ஒரு தடவை எவ்வளவு கலக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். தண்ணீர் ஊற்றிய சிமென்ட் சாந்தை அரை மணிக்குள் சுவரில் ஏற்றிவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், பிறகு கையால் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். 5 கிலோ சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் சேர்த்தால், அரை அங்குலக் கனத்தில் சுமார் 10 முதல் 12 சதுர அடி வரும். புதியவருக்கு அரை மணியில் அதுவே அதிகம். முழு மூட்டையைப் பிரித்துக் கொட்டாதீர்கள்.

சுண்ணாம்புக்கு இந்த அவசரம் இல்லை. ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்தால் மறுநாளும் ஆகும். அதற்குப் பலகையோடு மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்றும் வேண்டும்.

6. கையில் ஏந்தும் பலகை

நம் கொத்தனார்கள் பெரும்பாலும் சட்டியிலிருந்து நேரே கரணையால் அள்ளி வீசுவார்கள், அல்லது மணியாசுப் பலகையிலேயே ஏந்திக்கொள்வார்கள். அந்த வீச்சு வர எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை அடியில் பிடி வைத்த சதுரப் பலகை ஒன்று கை கொடுத்தது.

12 அங்குலச் சதுரம் வேண்டாம். அதில் ஒரு அங்குல உயரத்துக்குச் சாந்து வைத்தால் 5 கிலோ. இடது கையில் 5 கிலோவை நெஞ்சுயரத்தில் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். 9 அல்லது 10 அங்குலம் போதும். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். கலக்கும் பலகையில் மிஞ்சிய துண்டின் அடியில் மண்வெட்டிக் காம்பின் ஒரு சாண் துண்டைத் திருகாணியால் பொருத்தினால் ஆயிற்று.

அலுமினியத்தில் பளபளவென்று விற்பார்கள். எடை குறைவு என்று நானும் வாங்கினேன். சுண்ணாம்பும் சிமென்டும் அலுமினியத்தை அரிக்கும். ஒரு வாரத்தில் சொறி பிடித்து, சாந்தில் கறுப்பாக இறங்க ஆரம்பித்தது. சுவரை நேர்பார்க்கும் அலுமினிய மட்டப்பலகைக்கும் இது பொருந்தும். 6 அடி நீளத்துக்கு அதைவிட்டால் வேறு நல்ல வழியில்லை, ஆகவே வாங்குங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஈரத்துணியால் துடைத்து, வேலை முடிந்ததும் உடனே கழுவுங்கள்.

7. எப்போது வாங்குவது, எப்போது தொடங்குவது

சாமான் வாங்குவதற்கும் முதல் சாந்து கலப்பதற்கும் நடுவே ஒரு வாரம் விடுங்கள். பலகை ஊறிக் காய, ஓரங்களுக்குப் பெயின்ட் அடிக்க, தகட்டை மழுக்க அது வேண்டும். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி ஊறவைப்பதென்றால் அதை எல்லாவற்றுக்கும் முன்பே, வாரக்கணக்கில் முந்திச் செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் வேண்டாம். சித்திரை, வைகாசியில் சாந்து வெயிலிலேயே வெந்துவிடும். ஆடிக் காற்று வெயிலைவிட மோசம், சுவர் முகத்தில் மட்டும் காய்ந்து மயிர்க்கோடு விழும். தை, மாசிதான் நம் பக்கத்துக்கு ஏற்ற காலம். அப்போது கொத்தனார்களுக்கும் வேலை குவியும், கூட நின்று கற்றுக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். மார்கழியிலேயே சொல்லி வையுங்கள்.

சிமென்ட் பூச்சானால் ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். அந்த ஏழு நாளும் ஊரில் இருப்பீர்களா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை ரயிலேறி வந்து ஞாயிறு திரும்புகிறவர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி.

8. செலவுக் கணக்கு

மறுபடி முதலிலிருந்து வாங்கினால் நான் வாங்குவது: கரணை 320, மணியாசுப் பலகை 150, கலக்கும் பலகை 650, இரண்டு சாந்துச் சட்டி 240, 6 அடி மட்டப்பலகை 600, சுவர் செங்குத்தா என்று பார்க்கும் தூக்குக்குண்டு 130, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் 200. மொத்தம் 2,290 ரூபாய். என் விலைகள் இவை. கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

கண்ணாடியை விட்டுவிடாதீர்கள். சாந்து தலைக்கு மேல் வீசும்போது கண்ணில் தெறிக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

9. பில்லும் காகிதமும்

பில் கேட்டு வாங்குங்கள். என் கழுத்தொடிந்த கரணைக்குப் பில் இல்லை, மாற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிறீர்கள் என்றால், யார் எந்தச் சாமான் கொண்டுவருவது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கரணை, மணியாசுப் பலகை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு கொத்தனாருடையவை. டிரம், சல்லடை, தண்ணீர்க்குழாய், கலக்கும் பலகை வீட்டுக்காரர் பொறுப்பு. ஏறி நின்று பூசக் கட்டும் சாரத்துக்கான கம்பு யாருடையது என்பதில்தான் சண்டை வரும். அதை முதல் வரியில் எழுதுங்கள்.

இதையே தொழிலாக எடுக்கப்போகிற பிள்ளைகளுக்கு: 18 வயது முடிந்ததும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 60 வயதுக்குள் பதியலாம். முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வேலை செய்த சான்றுக்குத்தான் அலைய நேரும். அதனால் எந்த வீட்டில், எத்தனை நாள், யார் மேஸ்திரி என்று முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள்.

10. ராத்திரி கழுவுவது

சாயங்காலம் களைத்துப்போய்க் கரணையை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். காலையில் அது சட்டியோடு ஒட்டியிருக்கும். சுத்தியலால் தட்டினால் தகடு நெளியும், நெளிந்த கரணை மறுபடி நேராகாது. டீக்கு முன்பே கழுவி, துடைத்து, இரும்பில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, முனை தரையில் முட்டாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். கலக்கும் பலகையைச் சாய்த்து நிறுத்துங்கள், படுக்கப்போட்டால் அடியில் கரையான் வரும். எங்கள் பக்கத்துக் கரையானுக்குச் சென்ட்ரிங் பலகையும் ஒன்றுதான், தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் போட்ட புளியங்கட்டையும் ஒன்றுதான்.